எதிர்வழக்கு எனும் பூட்டு: சீருடைப் பணியும் கொங்கு மண்டலத் தலித் இளைஞர்களும்

விடியற்காலை ஐந்து மணிக்கு வெள்ளகோவில் வழியாகச் செல்லும் கோவை – கரூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவர்களுள் சிலர் நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து, தலையில் பஞ்சுத் தூசியோடு நேராக வந்தவர்கள். சிலர் இன்னும் ஒரு மணி நேரத்தில் தறிக்குடோனில் நிற்க வேண்டியவர்கள். 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் கடந்தாக வேண்டும் என்பது அவர்களுடைய அன்றாடக் கணக்கு. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் பொதுத் தேர்வில் ஆண்களுக்கான ஓட்டத் தகுதி அதுதான்.

2025 ஆகஸ்டில் அவ்வாரியம் வெளியிட்ட அறிவிப்பில் 3,665 பணியிடங்கள் இருந்தன. அவற்றுள் 2,833 இரண்டாம் நிலைக் காவலர், 180 இரண்டாம் நிலைச் சிறைக் காவலர், 631 தீயணைப்பாளர் பணியிடங்கள். எஞ்சிய 21 பின்னடைவுப் பணியிடங்கள். கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. தொடக்க ஊதியம் 18,200 ரூபாய். கூலி வேலையைத் தவிர வேறொன்றையும் தலைமுறைகளாகக் காணாத ஒரு குடும்பத்துக்கு, மாதச் சம்பளத்தோடு அரசின் அதிகாரமும் வந்து சேரும் முதல் வாசல் இது.

இந்த வாசலைக் கடக்க உடல் வலுவும் தேர்வுத் தயாரிப்பும் வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். ஆனால் ஓடி, எழுதி, தேறிய பின்னும் தலித் இளைஞரை வாசலிலேயே நிறுத்தும் ஒரு பூட்டு இருக்கிறது. அதற்கு எதிர்வழக்கு என்று பெயர். கொங்கு மாவட்டங்களில் வன்கொடுமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களாகிய நாங்கள், இந்தப் பூட்டைக் குறித்து விரிவாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கருதுகிறோம்.

சலுகையா, சட்டக் கடமையா?

காவல் நிலையத்தில் தலித் காவலர் இருப்பதை இட ஒதுக்கீட்டின் விளைவாக மட்டுமே நாம் பார்த்துப் பழகியுள்ளோம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதனுள் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு. பஞ்சாப் அரசு எதிர் தேவிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று வழங்கிய தீர்ப்பு, உள் ஒதுக்கீட்டின் சட்ட அடிப்படையை உறுதிசெய்தது. அருந்ததியர் செறிந்து வாழும் மேற்கு மாவட்டங்களுக்கு இது முதன்மையான தீர்ப்பு.

ஆயினும் இதற்கு வெளியே இன்னொரு சட்டக் கடமை உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1995இல் இயற்றப்பட்ட விதிகளில் 13(2) என்ற விதியை நம்முள் பலர் படித்திருப்பதில்லை. நிர்வாகத்திலும் காவல்துறையிலும் எல்லா மட்டங்களிலும், குறிப்பாகக் காவல் நிலையம், புறக்காவல் நிலையம் என்ற மட்டத்தில், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் போதிய அளவில் இடம்பெறுவதை உறுதிசெய்யும் பொறுப்பு மாநில அரசுக்கு உரியது என்று அவ்விதி கூறுகிறது.

இந்த விதி எந்த இடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும். இது வேலைவாய்ப்புச் சட்டத்தில் இல்லை. வன்கொடுமையைத் தடுக்கும் சட்டத்தின் விதிகளுள் இருக்கிறது. அதாவது, காவல் நிலையத்தில் தலித் காவலர் இருப்பது பாதிக்கப்படும் மக்களுக்கான பாதுகாப்பு ஏற்பாடு என்று சட்டமே கருதுகிறது. நள்ளிரவில் அடிபட்ட ஒருவர் புகாரோடு காவல் நிலையப் படியேறும்போது, எழுத்தர் மேசையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பது அந்தப் புகாரின் விதியைப் பல வேளைகளில் தீர்மானித்துவிடுகிறது.

ஆனால் மாநில அளவிலான விழுக்காடு நிறைவேறியதாலேயே இந்தக் கடமை நிறைவேறிவிடாது. தேர்வாகும் காவலர்கள் முதலில் ஆயுதப்படைக்கும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்கும் செல்கின்றனர். ஆண்டுகள் சில கழிந்த பின்னரே தாலுகா காவல் நிலையங்களுக்கு வருகின்றனர். ஆகவே, ‘காவல்துறையில் எத்தனை பேர்?’ என்ற கேள்வியோடு ‘எந்தக் காவல் நிலையத்தில் எத்தனை பேர்?’ என்ற கேள்வியையும் நாம் கேட்டாக வேண்டும்.

மூன்று சீருடை, மூன்று சாதிக் களம்

ஒரே தேர்வில் மூன்று துறைகளுக்கு ஆள் எடுக்கப்படுகிறது. மூன்றும் சாதியோடு நேரடித் தொடர்புடையவை.

காவல்துறை பற்றி விளக்கம் தேவையில்லை. நமது திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதை நாடே காணொளியில் பார்த்தது. 2015 ஜூனில் திருச்செங்கோட்டில் கடத்தப்பட்ட கோகுல்ராஜின் உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. இத்தகைய குற்றங்களில் முதல் சில மணி நேரத்தில் காவல்துறை என்ன செய்கிறது என்பதே வழக்கின் உயிர்.

சிறைத்துறையைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். சுகன்யா சாந்தா எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிப்பதையும் அடைப்பதையும் அரசமைப்புக்கு எதிரானது என்று அறிவித்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைப்பதும் அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. கழிவறையை யார் கழுவுவது, சமையல் கூடத்தில் யார் நிற்பது என்பதை அன்றாடம் முடிவுசெய்வது மேலதிகாரியின் சுற்றறிக்கை மட்டுமன்று. தொகுதியில் நிற்கும் சிறைக் காவலரின் வாய்ச்சொல்லும்தான்.

தீயணைப்புத் துறைக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியிலும் அண்டைக் காலனிகளிலும் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு, எரிக்கப்பட்டன. இந்நாட்டில் தீ ஒரு சாதி ஆயுதம். இன்னொன்றும் உண்டு. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்டவர் நச்சு வாயுவில் மயங்கி விழுந்தால், மீட்க வருவது தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. அவ்வீரர்கள் சுவாசக் கருவி அணிந்து இறங்குகின்றனர். முதலில் இறக்கப்பட்ட தொழிலாளிக்கு அந்தக் கருவி தரப்பட்டதில்லை. உயிரோடு இறங்கியவருக்கு இல்லாத பாதுகாப்பு, உடலை எடுக்க மட்டும் வந்து சேர்கிறது. இந்த முரணை உள்ளிருந்து அறிந்த பிள்ளைகள் அத்துறையில் இருப்பது தேவை.

பயிற்சி எங்கே கிடைக்கிறது?

அமெரிக்காவில் காவலராகவோ தீயணைப்பாளராகவோ விரும்பும் ஓர் இளைஞர், பெரும்பாலும் தம் ஊருக்கு அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் சேர்கிறார். குறைந்த கட்டணம், மாலை வகுப்பு, ஈராண்டுப் பட்டயம். சட்ட அமலாக்கம், தீயணைப்பு அறிவியல், 2001ஆம் ஆண்டுத் தாக்குதலுக்குப் பின் பெருகிய உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவை அங்கே முறையான பாடங்கள். வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்பதே அவற்றின் முதன்மைப் பயன்.

சமுதாயக் கல்லூரி நமக்குப் புதிய சொல்லன்று. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் தொடங்கிய முயற்சி அது. பல்கலைக்கழக மானியக் குழுவும் பின்னர் அதற்கெனத் திட்டம் வகுத்தது. தையல், செவிலியர் உதவி, கணினி, குளிர்சாதனப் பழுது நீக்கம் ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. சீருடைப் பணிக்கான கல்வி மட்டும் பெருமளவு தனியார் பயிற்சி மையங்களின் கைக்குப் போய்விட்டது.

அரசு எதையும் செய்யவில்லை என்று நாங்கள் கூறவில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் கட்டணமில்லா வகுப்புகள் நடக்கின்றன. நான் முதல்வன் திட்டத்திலும் போட்டித் தேர்வுப் பிரிவு உண்டு. ஆனால் வெள்ளகோவிலிலிருந்து மாவட்டத் தலைநகரான திருப்பூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கும் ஒருவர், வகுப்புக்காக ஒரு நாள் திருப்பூர் சென்றால் ஒரு நாள் கூலி போகிறது. ‘இலவசம்’ என்ற சொல்லுக்குள் அந்தக் கூலி கணக்கிடப்படுவதில்லை. விளையாட்டுத் திடலைப் பொறுத்தவரை, ஊர்ப் பகுதியின் திடலில் காலனிப் பிள்ளைகள் தடையின்றிக் கயிறு ஏறிப் பழகலாம் என்று சொல்லத்தக்க கிராமங்கள் எத்தனை என்பதை வாசகர்களே அறிவர்.

தேர்வின் மதிப்பெண் முறையையும் பார்ப்போம். தமிழ் மொழித் தகுதித் தேர்வு தனியே. அதன்பின் முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 70, உடல் திறனுக்கு 24, சிறப்பு மதிப்பெண் 6. அந்த ஆறு மதிப்பெண் தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டுச் சான்றிதழ்கள் ஆகியவற்றுக்கு உரியது. மாணவர் படைப் பிரிவே இல்லாத பள்ளியில் படித்த மாணவர் அதில் தம் பங்கை எங்கே சென்று பெறுவார்? அரை மதிப்பெண்ணில் வாய்ப்பு நழுவும் தேர்வில் இது சிறு வினாவன்று.

தேர்வு முறையே பாகுபாட்டை மறைத்து வைக்கும் என்பதற்கு நியூயார்க் நகரம் சான்று. அங்கே கறுப்பினத் தீயணைப்பாளர்கள் 1940இல் வல்கன் சங்கத்தை நிறுவினர். நகர மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் கறுப்பின மக்களாக இருக்க, தீயணைப்புத் துறையில் அவர்கள் சுமார் 3 விழுக்காடே இருந்தனர். 2007இல் அமெரிக்க நீதித்துறை தொடுத்த வழக்கில் வல்கன் சங்கமும் இணைந்தது. தீயணைப்பு வேலைக்குத் தேவையான திறனை அளக்காத எழுத்துத் தேர்வுகள் கறுப்பின, லத்தீன் விண்ணப்பதாரர்களை வெளியேற்றின என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2009இல் கண்டறிந்தது. 2014இல் நகர நிர்வாகம் சுமார் 98 மில்லியன் டாலருக்கு உடன்பாடு செய்தது. ‘தகுதி’ என்று சொல்லப்படுவதைக் கேள்வி கேட்க ஒரு சங்கம் இருந்ததால் இது நடந்தது.

பூட்டு எப்படிப் போடப்படுகிறது?

இனி நாம் தொடங்கிய இடத்துக்கு வருவோம். எங்களிடம் வரும் வழக்குக் கட்டுகளில் ஒரே அச்சு திரும்பத் திரும்பத் தெரிகிறது. கோயில் திருவிழாவிலோ தேநீர்க் கடையிலோ, ஊர்த் தெரு வழியே இருசக்கர வாகனம் ஓட்டியதாலோ தகராறு. காலனிப் பிள்ளை தாக்கப்படுகிறான். வன்கொடுமைப் புகார் தரப்படுகிறது. மறுநாளே அதே நிலையத்தில் எதிர்த்தரப்பின் புகாரும் பதிவாகிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 351. ஆபாசச் சொல், கையால் அடித்தது, கொலை மிரட்டல். எளிதில் எழுதப்படும் மூன்று குற்றச்சாட்டுகள். பெயர்ப் பட்டியலில் நிகழ்விடத்தில் இல்லாதவர்களும் சேர்க்கப்படுவர். பட்டியலின் தலைப்பில் பெரும்பாலும் படித்த பிள்ளைகளின் பெயர்.

இதன் நோக்கம் தண்டனை வாங்கித் தருவதன்று, சமரசத்துக்கு இழுப்பது. ‘பையன் போலீஸ் வேலைக்குப் படிக்கிறான், கேஸ் இருந்தால் வாழ்க்கை போய்விடும், இரண்டு பக்கமும் வாபஸ் வாங்கிக்கொள்வோம்’ என்று பெரியவர்கள் பேசுவார்கள். பெற்றோர் அஞ்சி ஒப்புக்கொள்வர். இரு வழக்கிலும் சாட்சிகள் பிறழ்சாட்சியாவர். எல்லாரும் விடுதலை. பையன் தப்பித்துவிட்டான் என்று குடும்பம் நிம்மதி கொள்ளும்.

அந்த நிம்மதி பொய்யானது. தமிழ்நாட்டுக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்ற விதி, குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவரைத் தகுதியற்றவராக்குகிறது. ஐயத்தின் பயனால் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவர் என்று அதன் விளக்கம் கூறுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் மணிகண்டன் வழக்கில் இந்த நிலையை ஏற்றது. ஆக, எந்தச் சமரசம் மகனைக் காப்பாற்றும் என்று தாய் நம்பினாளோ, அதே சமரசம் அவன் பணி நியமனத்தைப் பறிக்கிறது. கூடவே, வன்கொடுமை வழக்கும் அழிந்துபோகிறது. ஒரே கல்லில் நீதியும் வேலையும் வீழ்கின்றன.

காவல்துறைக்கு நற்பெயர் உடையோரே வர வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. குற்றப் பின்னணி உடையவர் கையில் லத்தியைக் கொடுத்தால் முதலில் அடிபடுவது நம் மக்கள்தாம். ஆனால் சாதி ஆதிக்கம் உடைய தரப்பு, ஒரு புகார்த் தாளால் ஒரு தலித் இளைஞரின் தகுதியை நீக்க முடியும் என்ற நிலையை விதி கணக்கில் எடுக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவாகத் தோன்றும் விதி, சமமற்ற ஊரில் சமமற்ற விளைவைத் தருகிறது. நியூயார்க்கில் வினாத்தாள் செய்ததை, இங்கே முதல் தகவல் அறிக்கை செய்கிறது.

பூட்டுக்குச் சாவி

சட்டத்தில் சாவிகளும் உள்ளன. அவற்றை உரிய நேரத்தில் பயன்படுத்த வேண்டும்.

முதலாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(பி). பட்டியல் சாதியினர்மீது பொய்யான, தீய நோக்கம் கொண்ட வழக்கைத் தொடுப்பதே தனிக் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. எதிர்வழக்கு பொய் என்பதற்குச் சான்று இருக்குமானால், வருகைப் பதிவேடு, கண்காணிப்புக் கேமராப் பதிவு, கைப்பேசித் தரவு ஆகியவற்றை உடனே திரட்டி, இப்பிரிவின்கீழ்ப் புகார் தர வேண்டும். ஆலையின் கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும் என்பதை நினைவிற்கொள்க.

இரண்டாவது, சமரசத்துக்குப் பதிலாக வழக்கையே இரத்துசெய்யக் கோருவது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 528இன்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். விசாரணை நடந்தே தீருமெனில், பிறழ்சாட்சியால் கிடைக்கும் விடுதலையை நாடாமல், குற்றச்சாட்டே பொய் என்று தீர்ப்பில் தெளிவாகப் பதிவாகும் வகையில் வாதாட வேண்டும். தீர்ப்பின் ஒரு சொற்றொடர் இங்கே ஒரு வாழ்க்கையின் விலை.

மூன்றாவது, விண்ணப்பத்தில் வழக்கை மறைக்கக் கூடாது. மறைத்தல் தனிக் காரணமாகி, வெல்லக்கூடிய வழக்கும் தோற்றுவிடும். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் இதற்கான நெறிகளை வகுத்தது. இளவயதில் முழக்கமிட்டது போன்ற சிறு நிகழ்வுகளைப் பொறுத்தவரை பணியமர்த்துவோர் தம் விருப்புரிமையைப் பயன்படுத்தலாம் என்றும் அது கூறியது. போராட்டங்களில் பங்கேற்கும் மாணவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

சீருடை மட்டும் போதுமா?

போதாது. 2015 செப்டம்பர் 18 அன்று, கோகுல்ராஜ் வழக்கை விசாரித்துவந்த திருச்செங்கோடு துணைக் கண்காணிப்பாளர் விஷ்ணுப்பிரியா தம் குடியிருப்பில் இறந்து கிடந்தார். அவரும் தலித் சமூகத்தில் பிறந்தவர். தோளில் விண்மீன்கள் இருந்தும் ஒருவர் தனித்து விடப்படலாம் என்பதை அந்த மரணம் நமக்கு உணர்த்தியது. ஒருவரைத் துறைக்குள் அனுப்பிவிட்டு அமைப்புகள் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

எனவேதான் ஓட்டமும் பொது அறிவும் மட்டுமே கற்பிக்கும் பயிற்சி நமக்குப் போதாது என்கிறோம். வெள்ளகோவில், காங்கேயம், மூலனூர் வட்டாரத்துக்கு ஷிப்ட் நேரத்துக்கேற்ற ஒரு சமுதாயக் கல்லூரிப் படிப்பு வேண்டும். அதில் திடலும் கயிறும் வினாத்தாளும் இருக்கட்டும். கூடவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்க வேண்டும். புகாரைப் படித்துக்காட்டுவது, முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தருவது, 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது ஆகியவை அலுவலரின் கடமை என்று பிரிவு 4 சொல்வதை, காவலராகப் போகிறவர் காவலராவதற்கு முன்பே அறிய வேண்டும். சிறைத் தீர்ப்பையும், மனிதரைக் கழிவுக்குழியில் இறக்குவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவர் படித்திருக்க வேண்டும். தேர்வில் தோற்றாலும் அந்தக் கல்வி வீண்போகாது. காலனிக்கு ஒரு சட்டம் அறிந்தவர் கிடைப்பார்.

அமைப்புகளும் மாணவர்களும் இப்போதே செய்யத்தக்கவை சில உண்டு. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் பட்டியல் சாதிக் காவலர் எத்தனை பேர் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்க வேண்டும். அதே மனுவில், வன்கொடுமைப் புகாருக்குப் பின் பதிவான எதிர்வழக்குகளின் எண்ணிக்கையையும் கேட்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டிய விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவில், விதி 13(2) நிறைவேறியதா என்பதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கோர வேண்டும். வன்கொடுமைப் புகாரை ஒட்டி வந்த எதிர்வழக்கில் விடுதலையானவரைத் தகுதிநீக்கத்திலிருந்து காக்கும் வகையில் 14(பி) விதியின் விளக்கத்தைத் திருத்துமாறு அரசை வலியுறுத்த வேண்டும்.

அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராணுவத்தில் சுபேதார். அந்தச் சீருடையின் வழியாகவே அக்குடும்பத்துக்குள் கல்வி நுழைந்தது. பின்னர் மகார்களுக்குப் படையின் கதவு மூடப்பட்டது. 1941இல் மகார் படைப்பிரிவு அமையும்வரை அதைத் திறக்கப் போராட வேண்டியிருந்தது. மூடிய கதவு தானே திறந்ததாக நம் வரலாற்றில் எங்கும் பதிவில்லை.

நாளை விடியலிலும் அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் பிள்ளைகள் ஓடுவார்கள். அவர்களுடைய ஏழு நிமிடத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் பெயரில் ஏதேனும் எதிர்வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்பதை இன்றே கேட்டறிந்து, சமரசப் பேச்சு தொடங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் அவர்களை அழைத்துச் செல்வது நம்முடைய வேலை.